விண்கல் சேகரிப்பும் விற்பனையும்: ஒன்று மற்றொன்றைத் தின்னாமல் நடத்துவது எப்படி

விண்கல் சேகரிப்பவர்களில் பலர் ஒரு கட்டத்தில் விற்கவும் தொடங்குகிறார்கள். நல்ல கல் விலை அதிகம். ஒரு முழுக்கல்லை வாங்கி, வெட்டி, பாதியை விற்றால் மீதிப் பாதி மலிவாகக் கையில் நிற்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். இந்தக் கணக்கு சில நேரம் பலிக்கும், பல நேரம் பலிக்காது. வேலைகளைச் சரியான வரிசையில் செய்தோமா என்பதுதான் பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது.

புதியவர்கள் இரண்டு விதமாகத் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சாரார் பணத் தேவை வந்ததும் கையிலிருப்பதில் சிறந்ததை முதலில் விற்றுவிடுகிறார்கள், ஏனென்றால் அதுதான் உடனே போகும். இன்னொரு சாரார் விற்பதற்காக வாங்கிய கற்கள் தேங்கிப்போக, அந்தத் தேக்கத்தையே சேகரிப்பு என்று சொல்லத் தொடங்குகிறார்கள். கீழே உள்ள படிகள் இந்த இரண்டையும் தவிர்ப்பதற்கானவை. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். விண்கல் கிராம் கணக்கில் விற்பது. சந்திரனிலிருந்தோ செவ்வாயிலிருந்தோ வந்த கல் என்றால் ஒரு சிறு துகளுக்கும் விலை உண்டு. சமையலறைத் தராசு போதும் என்று தொடங்குபவர்கள் முதல் புகாரிலேயே புதிய தராசு வாங்குகிறார்கள்.

படத்தில் கல்லின் அளவைக் காட்ட ஒரு செண்டிமீட்டர் அளவுக் கனசதுரம், பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ், அளவுக்காலிப்பர், காற்றுப் புகாத பெட்டிகள், சிலிக்கா ஜெல், பொடி தூளில்லாத கையுறை ஆகியவற்றையும் வாங்கிவையுங்கள். இவற்றுக்கு அதிகம் செலவாகாது.

காந்தம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லைக் கண்டதும் வலுவான நியோடிமியம் காந்தத்தை ஒட்டிப் பார்ப்பது பரவலான பழக்கம். அப்படி ஒட்டினால் கல்லுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக உறைந்திருக்கும் பழைய காந்தப் பதிவு அழிந்துவிடும். செவ்வாயிலிருந்து வந்த புகழ்பெற்ற என்.டபிள்யூ.ஏ. (வடமேற்கு ஆப்பிரிக்கா என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) 7034 கல்லோடு சேர்ந்த துண்டுகளை ஆராய்ந்தபோது இந்த இழப்பு தெளிவாகத் தெரிந்தது. பெரும்பாலான காண்ட்ரைட்டுகளுக்கு (மிகப் பரவலாகக் கிடைக்கும் கல்வகை விண்கற்கள்) நூலில் தொங்கும் ஒரு பலவீனமான காந்தம் போதும். கல் காந்தத்தை நோக்கிப் போகக் கூடாது. நூலில் உள்ள காந்தம் கல்லை நோக்கி லேசாகச் சாய்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வெட்டும் இயந்திரம் இந்தப் பட்டியலில் இல்லை. காரணத்தை ஏழாம் படியில் சொல்கிறேன்.

2. சேகரிப்பின் எல்லையை ஒரு வரியில் எழுதுங்கள்

விற்பனையைப் பற்றி யோசிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. எதைச் சேர்க்கிறீர்கள் என்று எழுதி வைக்காவிட்டால், எதை விற்கலாம் என்பதற்கு ஒருபோதும் விடை கிடைக்காது. பார்க்கும் கல்லெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டியதாகவே தோன்றும்.

வானில் ஒளிர்ந்து கண்ணெதிரே விழுந்த கற்களை மட்டும் சேர்ப்பது ஒரு நல்ல எல்லை. அதில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தேதி இருக்கும்: 1969 பிப்ரவரியில் மெக்சிகோவில் விழுந்த அயெண்டே, அதே ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன், 2011 ஜூலையில் மொராக்கோவில் விழுந்த டிசிண்ட், 2013 பிப்ரவரி 15இல் ரஷ்யாவில் விழுந்த செல்யாபின்ஸ்க் என்று வரிசை நீளும்.

வகைக்கு ஒரு துண்டு என்பது இன்னொரு எல்லை. எச், எல், எல்எல் காண்ட்ரைட்டுகள், கார்பன் வகை, என்ஸ்டடைட் வகை, யூக்ரைட், டயோஜெனைட், யூரிலைட், பல்லசைட் (உலோகத்துக்குள் ஒலிவின் படிகங்கள் பதிந்தது), மீசோசிடரைட், இரும்பு வகைகள், சந்திரன், செவ்வாய் என எடுத்துக்கொள்ளலாம். ஒரே விழுப்புலத்தின், அதாவது ஒரே விழுகையின் கற்கள் சிதறிய பரப்பின், எல்லா வடிவங்களையும் சேர்ப்பவர்களும் உண்டு. ரஷ்யாவின் சிகோட்-அலின் இரும்புக்கு இது மிகப் பொருந்தும், அதில் விரல் பதித்தது போன்ற குழிகள் உள்ள முழுக்கற்களும் வெடித்துக் கிழிந்த சில்லுகளும் முற்றிலும் வேறு முகம் காட்டும்.

எல்லையை எழுதியதும் அதனோடு ஒரு விதியையும் எழுதுங்கள்: ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை துண்டு? வகைச் சேகரிப்பு என்றால் பெரும்பாலும் ஒன்று. இரண்டாவது வரும்போது இரண்டில் ஒன்று விற்பனைக்குப் போகும் என்று முன்கூட்டியே முடிவாகிவிடும். அந்த நேரத்தில் மனதோடு போராட வேண்டியிருக்காது.

3. வாங்கும் முன் சட்டத்தையும் ஆவணத்தையும் பாருங்கள்

சேகரிப்பவராக மட்டும் இருந்தால், ஆவணமில்லாத ஒரு கல் உங்கள் அலமாரியில் ஒரு குறையாக நிற்கும். அதை விற்றால் அந்தக் குறை இன்னொருவர் தலையில் ஏறும், பொறுப்பு உங்களுடையது. அதனால் விற்கும் எண்ணம் வந்த நாளிலிருந்து வாங்கும் கண்டிப்பு கூட வேண்டும்.

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. அர்ஜென்டினா 2007இல் இயற்றிய சட்டத்தால் விண்கற்களைப் பண்பாட்டுச் சொத்தாகப் பாதுகாக்கிறது. அந்நாட்டின் காம்போ டெல் சியலோ கற்கள் சந்தையில் நிறைய இருந்தாலும், எந்தக் காலத்தில் வெளியே வந்தவை என்ற கேள்வி எப்போதும் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து விண்கல்லை வெளியே கொண்டுபோக 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி தேவை. கனடாவிலும் ஏற்றுமதிக்கு அனுமதி வேண்டும். நமீபியா தன் கிபியான் இரும்பைப் பாதுகாக்கிறது. ஓமன் கற்களை வெளியே எடுத்துப்போகத் தடை உள்ளது. அண்டார்க்டிகாவில் எடுக்கப்படுபவை ஆய்வுக்கு மட்டுமே. அண்டார்க்டிகா கல் என்று யாராவது விற்க வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சேகரிப்பையும் விற்பனையையும் நேரடியாகப் பிரிக்கும் விதிகளும் உண்டு. அமெரிக்காவில் நில மேலாண்மைத் துறையின் பொது நிலங்களில் 2012ஆம் ஆண்டுக் கொள்கைப்படி ஒருவர் ஆண்டுக்கு 10 பவுண்டு வரை சொந்த உபயோகத்துக்கு விண்கல் எடுக்கலாம். வணிகத்துக்கு எடுக்கத் தனி அனுமதி வேண்டும். சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த கல் விற்பனைப் பெட்டிக்குப் போகவே கூடாது. இப்படிப்பட்ட கற்களின் லேபிளில் 'விற்பனைக்கு அல்ல' என்று அன்றே எழுதுங்கள். பல ஆண்டு கழித்து, எந்த நிலத்தில் எடுத்தோம் என்ற நினைவை நம்ப முடியாது.

பெயர் சொல்லி விற்கப்படும் எந்தக் கல்லையும் விண்கல் ஆய்வாளர்களின் பன்னாட்டு அமைப்பான மீட்டியாரிட்டிகல் சொசைட்டியின் தரவுத்தளத்தில் தேடிப் பாருங்கள். பெயர், வகை, மொத்த எடை, கண்டெடுத்த ஆண்டு, மாதிரி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பவை அங்கே இருக்கும். மொத்த எடையே 90 கிராம் என்று பதிவான கல்லின் 120 கிராம் துண்டு உங்களிடம் விற்பனைக்கு வந்தால், ஏதோ தவறு.

4. வாங்கிய அன்றே மூன்றாகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். பொதி வந்ததும் கற்களை மூன்று பெட்டிகளில் போடுங்கள்: வைப்பு, விற்பனை, தீர்மானிக்காதவை.

அன்றே ஏன் செய்ய வேண்டும்? கல் வந்த நாளில், எதற்காக வாங்கினோம் என்பது தெளிவாக இருக்கும். மூன்று மாதம் கழித்து, அந்த மாதச் செலவும் யாரோ கேட்ட விலையும் சேர்ந்து முடிவெடுக்கும். வைப்புப் பெட்டியில் உள்ளதற்கு யார் விலை கேட்டாலும் அது விற்பனைக்கு இல்லை என்பதே பதில். விலையைச் சொல்லிவிட்டால் பாதி விற்றது போலத்தான்; அதன் பிறகு மறுப்பது கடினம்.

தீர்மானிக்காத பெட்டிக்கு ஒரு கெடு வேண்டும். ஆறு மாதம் போதும். அதற்குள் வைப்புக்குப் போகாதது விற்பனைக்குப் போகட்டும். கெடு இல்லாத பெட்டி மெல்ல மெல்ல மற்ற இரண்டையும் விடப் பெரிதாகிவிடும்.

கெடு முடிவதற்குள் இன்னொன்றையும் கவனிக்கலாம்: துரு. குளோரின் புகுந்த இரும்புகளும் பல்லசைட்டுகளும் மெருகிட்டபோது பளபளக்கும், சில மாதங்களில் ஓரங்களில் பழுப்புத் துளிகள் கசியும். நான்டன் இரும்பும் பிராகின் பல்லசைட்டும் இதற்குப் பேர்போனவை. கிபியானும் செய்ம்சானும் ஒப்பீட்டளவில் அமைதியானவை. புதிதாக வந்த உலோகக் கல்லை உடனே விற்றால், துரு வாங்கியவர் வீட்டில்தான் கிளம்பும். உங்களிடம் சில மாதம் இருந்து, எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்த பிறகு விற்பதே நேர்மை.

5. எண், எடை, படம், லேபிள்

ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு எண் கொடுங்கள். வைப்பு, விற்பனை இரண்டுக்கும் ஒரே வரிசை எண் போதும். எந்தப் பெட்டி என்பதைப் பதிவேட்டில் தனிப் பத்தியில் குறியுங்கள். கல் பெட்டி மாறினாலும் எண் மாறக் கூடாது.

வெட்டிய துண்டுகளுக்குத் தாய்க்கல் எண்ணோடு ஒரு துணை எண் சேருங்கள். 27ஆம் கல்லின் துண்டுகள் 27-1, 27-2 என்று போகட்டும். எல்லாத் துண்டுகளின் எடையையும் வெட்டும்போது தூளாகப் போன எடையையும் கூட்டினால் தாய்க்கல்லின் எடை வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு துண்டு கலந்துவிட்டது. வெளியே ஒரே மாதிரி பழுப்பாக இருக்கும் பாலைவனக் காண்ட்ரைட்டுகளில் இந்தச் சோதனை இல்லாமல் துண்டுகள் கலந்ததைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

பதிவேட்டில் யாரிடம் வாங்கியது, எப்போது, என்ன விலை, அவர் யாரிடம் வாங்கினார் என்பவையும் இருக்கட்டும். பழைய லேபிள்களை எக்காரணம் கொண்டும் எறியாதீர்கள். மடங்கி, மஞ்சளித்து, எழுத்து மங்கியிருந்தாலும் அது கல்லோடு போக வேண்டியது. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க விண்கல் சேகரிப்பாளர் ஹார்வி நைனிங்கர் தன் கற்களின் மேல் சிறிதாக வண்ணத்தால் எண் எழுதினார். அந்த எண் உள்ள கல்லைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடிப் பிடிக்கிறார்கள். அதே கல், அதே எடை, எண் இல்லாவிட்டால் விலை குறைவு. அழுக்கு என்று நினைத்துப் பழைய எண்ணைத் துடைத்தெடுப்பவர்களும் இருக்கிறார்கள். துடைத்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

6. வகைப்படுத்தாத கல்லை என்ன செய்வது

வடமேற்கு ஆப்பிரிக்கக் கற்கள் மொத்தமாக, பெயரில்லாமல் வருவதுண்டு. அதிகாரப்பூர்வப் பெயர் வேண்டுமானால் ஒரு ஆய்வாளர் வகைப்படுத்தி, சொசைட்டியின் பெயரிடும் குழு ஏற்க வேண்டும். அதற்கு மாதிரி ஒன்றை ஆய்வு நிறுவனத்தில் நிரந்தரமாக வைக்க வேண்டும்: 20 கிராம் அல்லது மொத்த எடையில் 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது.

இந்த விதியை வாங்கும்போதே கணக்கில் எடுங்கள். 500 கிராம் கல்லில் 20 கிராம் போனால் 4 சதவீதம்தான். 60 கிராம் கல்லில் 12 கிராம், அதாவது ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 100 கிராமுக்குக் கீழே எப்போதும் ஐந்தில் ஒரு பங்கு. அதனால் சிறிய கல்லை வகைப்படுத்தக் கொடுப்பது, அது அரிய வகை என்று கருத வலுவான காரணம் இருக்கும்போது மட்டும் பொருந்தும். எச்5, எல்6 போன்ற சாதாரணக் காண்ட்ரைட் போலத் தெரியும் சிறு கல்லை 'வகைப்படுத்தப்படாதது' என்று அப்படியே சொல்லி விற்பது நல்லது. காத்திருப்பும் நீளம், பல மாதங்கள் ஆகலாம். அந்தக் காலம் முழுக்க உங்கள் பணம் அங்கே கட்டுண்டிருக்கும்.

புதியவர்கள் அறியாமல் செய்யும் பெரிய தவறு இந்த இடத்தில்தான். சந்தையில் புகழ்பெற்ற ஒரு என்.டபிள்யூ.ஏ. எண் இருக்கும். அதே போலத் தோன்றும் கல் கையில் இருக்கும். 'இது அதோடு விழுந்ததுதான்' என்று சொல்லி அந்த எண்ணைப் போட்டு விற்றுவிடுவார்கள். ஒரு எண் என்பது ஆய்வுக்குப் போன அந்தக் கல்லுக்கு மட்டும் உரியது. தோற்றம் ஒத்திருப்பது சான்றாகாது. 'இன்ன எண்ணை ஒத்த தோற்றம், ஆய்வு செய்யப்படவில்லை' என்று எழுதலாம். எண்ணை நீங்களாகவே சூட்டக் கூடாது.

7. வெட்டலாமா, கூடாதா

வெட்டிய கல்லை மறுபடி ஒட்ட முடியாது. ஆகவே முதல் கேள்வி: இந்தக் கல் முழுதாக இருக்கும்போது என்ன காட்டுகிறது?

வளிமண்டலத்தில் திரும்பாமல் ஒரே நிலையில் பறந்து கூம்பு வடிவம் பெற்ற கற்களை வெட்டக் கூடாது. முழுக்கவும் உருகிய கருந்தோல் மூடிய கற்களும், தோலில் உருகி வழிந்த கோடுகள் தெரியும் கற்களும் அப்படித்தான். அவற்றின் மதிப்பு மேற்பரப்பில் இருக்கிறது. சாதாரண காண்ட்ரைட் என்றால் உள்ளே இருப்பது நூற்றுக்கணக்கான மற்ற கற்களிலும் கிடைக்கும். வெட்டத் தகுந்தவை: வெளியே பாலைவனக் காற்றில் தேய்ந்து முகமிழந்த, உள்ளே நன்றாக இருக்கும் என்று தெரிந்த கற்கள், பல்லசைட்டுகள், உள்ளே விட்மான்ஸ்டேட்டன் கோலம் (அமிலம் பட்டதும் தெரியும் குறுக்குப் பட்டைகள்) காட்டும் இரும்புகள்.

உள்ளே எப்படி என்று தெரியாவிட்டால் முதலில் ஒரு ஓரத்தில் விரல்நகம் அளவு இடத்தை மட்டும் தேய்த்து ஜன்னல் திறந்து பாருங்கள். உலோகத் துகள்கள் பளபளப்பாகத் தெரிகின்றனவா, எல்லாம் துருவாகி மங்கியிருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். உலோகம் முழுக்கத் துருவாகிவிட்ட கல்லை வெட்டினால் செலவு மட்டும் மிஞ்சும்.

அடுத்து தூள் இழப்பு. ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள அலகால் மூன்று மில்லிமீட்டர் தடிப்பில் துண்டு போட்டால், ஒவ்வொரு நான்கு மில்லிமீட்டரிலும் ஒன்று தூளாகிறது. கல்லில் கால்பங்கு போய்விட்டது. 0.3 மில்லிமீட்டர் கம்பி ரம்பத்தில் அதே துண்டுகளைப் போட்டால் இழப்பு பதினொன்றில் ஒரு பங்குதான். வெட்டுக்கூலி கூடுதலாக இருந்தாலும் விலையுயர்ந்த கல்லுக்குக் கம்பி ரம்பமே லாபம். மலிவான கல்லுக்கு அலகு போதும்.

இதனால்தான் இயந்திரத்தைத் தொடக்கப் பட்டியலில் சேர்க்கவில்லை. இயந்திரம் வாங்கியவர் அதன் விலையை எடுக்க வேண்டும் என்று வெட்டக் கூடாததையும் வெட்டத் தொடங்குகிறார். அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுங்கள். கொடுக்கும் முன் எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டியவை: எந்தத் திசையில் வெட்டு, எத்தனை தடிப்பு, தூள் இழப்பு எவ்வளவு எதிர்பார்க்கலாம், கூலி பணமா துண்டா, முனைத்துண்டு (ஓரத்தில், ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்பட்ட துண்டு) யாருக்கு. துண்டாகக் கூலி கேட்டால் எந்தத் துண்டு என்றும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வெட்டித் திரும்பியதும் உலோகமுள்ள துண்டுகளை நீரில்லாத ஆல்கஹாலில் ஊறவைத்து ஈரத்தை வெளியேற்றி, முழுக்கக் காயவைத்து, சிலிக்கா ஜெல்லோடு மூடுங்கள். ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும். அடுப்பும் ஹீட்டரும் அருகில் இருக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கார்பன் வகைக் கற்களில் நீரில் கரையும் உப்புகளும் கரிமப் பொருள்களும் உண்டு, எண்ணெயும் நீரும் அவற்றைக் கெடுக்கும். அவற்றை எப்படி வெட்டுவது என்று தெரியாதவரிடம் கொடுக்கவே வேண்டாம்.

துண்டுகளை விற்பனைக்கு வைக்கும் முன்பே உங்கள் துண்டைத் தேர்ந்தெடுங்கள். விற்று மிஞ்சியது எனக்கு என்று விட்டால், ஓரம் உடைந்த, கோலம் தெரியாத துண்டுதான் உங்களுக்கு மிஞ்சும். பெரிய துண்டாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் எல்லை வரியில் எழுதியதை எது நன்றாகக் காட்டுகிறதோ அது.

8. கணக்கு: வாங்கும் முன்பே போட வேண்டியது

ஒரு எடுத்துக்காட்டு. 400 கிராம் கல்லை 100 பங்கு பணத்துக்கு வாங்குகிறீர்கள் (பங்கு என்பது இங்கே எந்த நாணயத்துக்கும் பொருந்தும் ஓர் அலகு). கிராமுக்கு 0.25 பங்கு. சந்தையில் அதே வகைத் துண்டுகள் கிராமுக்கு 0.40 போகின்றன. நல்ல லாபம் போலத் தெரியும்.

இப்போது கழியுங்கள். வகைப்படுத்த 20 கிராம். மீதி 380இல் கால்பங்கு, அதாவது 95 கிராம் தூள். கையில் 285 கிராம். உங்களுக்கு 45 கிராம் வைத்தால் விற்க 240 கிராம். வெட்டுக்கூலி 20 பங்கு, அஞ்சலும் சுங்கமும் 10 பங்கு என்றால் மொத்தச் செலவு 130 பங்கு.

240 கிராமையும் 0.40க்கு விற்றால் 96 பங்கு வரும். 34 பங்கு குறைகிறது. அந்த 34தான் உங்கள் 45 கிராமின் அடக்க விலை, கிராமுக்கு 0.75க்கும் மேல். அதே 45 கிராமைச் சந்தையில் நேராக வாங்கியிருந்தால் 18 பங்கில் முடிந்திருக்கும். பல மாத உழைப்புக்குப் பிறகு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை கொடுத்திருக்கிறீர்கள்.

பாதி விற்றுப் பாதி வைப்பது எப்போதும் நட்டம் என்பதல்ல. கம்பி ரம்பம், மலிவான கொள்முதல், முன்பே வகைப்படுத்தப்பட்ட கல், வெட்டாமல் விற்கக்கூடிய உடைசல்கள் என்று ஏதாவது மாறினால் கணக்கு மாறும். ஆனால் கணக்கை வாங்கும் முன் போட வேண்டும். துண்டு மட்டும் தேவை என்றால் துண்டையே வாங்குங்கள்.

விலை வைக்கும்போது இன்னொன்று: சிறிய துண்டுக்குக் கிராம் விலை பொதுவாக அதிகம், பெரிய துண்டுக்குக் குறைவு. அதற்காக எல்லாவற்றையும் சில்லாக உடைப்பது கல்லுக்கும் கேடு, பெயருக்கும் கேடு. நல்ல பெரிய துண்டுகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகின்றன.

9. விற்பனைக் குறிப்பு எழுதுவது

பெயர், வகை, எடை, மூன்று அளவுகள், முழுக்கல்லா உடைசலா துண்டா முனைத்துண்டா, எங்கிருந்து வந்தது, எந்த லேபிள்கள் சேர்ந்து வரும் என்று எழுதுங்கள். கல்லுக்குச் செய்த எல்லாச் சிகிச்சையும் அதில் இருக்க வேண்டும்: எண்ணெய், மெழுகு, துரு நீக்கம், ஒட்டுதல், அமிலத்தில் கோலம் எடுத்தது. சொல்லாமல் விட்ட ஒட்டு ஒருநாள் தெரியும், அன்று உங்களிடம் வாங்கிய மற்ற எல்லாக் கற்கள் மீதும் சந்தேகம் விழும்.

இருபுறமும் படம் எடுங்கள், அளவுக் கனசதுரம் தெரிய. துண்டை ஈரமாக்கிப் படம் எடுத்தால் காண்ட்ரூல்கள் (காண்ட்ரைட்டுக்குள் இருக்கும் சிறு உருண்டைகள்) எடுப்பாகத் தெரியும். அப்படி எடுத்தால் ஈரமாக எடுத்தது என்று எழுதி, காய்ந்த படத்தையும் சேருங்கள். துரு இருந்தால் துருவையே அருகில் காட்டுங்கள். அதைப் பார்த்த பிறகும் வாங்குபவர் திருப்பி அனுப்ப மாட்டார்.

உண்மைத்தன்மைக்குக் கால வரம்பில்லாத உத்தரவாதம் கொடுங்கள். ஐ.எம்.சி.ஏ. என்ற பன்னாட்டு விண்கல் சேகரிப்பாளர் சங்கம் தன் உறுப்பினர்களிடம் கேட்பதும் விற்பது உண்மையான விண்கல் என்ற உறுதியைத்தான். உறுப்பினராக இல்லாவிட்டாலும் அதே அளவுகோலைக் கைக்கொள்ளலாம்.

கல்லைக் கண்டெடுத்த ஒருவர், 'இது விண்கல்லா?' என்று கேட்டு உங்களிடம் வரலாம். அவருக்கு அடையாளம் சொல்லும் வேலையையும் அவரிடம் வாங்கும் வேலையையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். என்ன வகையாக இருக்கலாம், சந்தையில் எவ்வளவு போகிறது, வேறு யாரிடம் கேட்கலாம் என்று முதலில் முழுக்கச் சொல்லுங்கள். பிறகும் உங்களுக்கே விற்க விரும்பினால் வாங்கலாம்.

10. அனுப்புவது

மெல்லிய துண்டை இரண்டு விறைப்பான அட்டைகளுக்கு நடுவே வைத்து, அசையாமல் ஒட்டி, பிறகு குமிழித்தாளில் சுற்றுங்கள். பல்லசைட் துண்டில் ஒலிவின் படிகங்கள் கழன்று விழும், அதனால் தனிப் பைக்குள் இருக்கட்டும். உலோகக் கல்லோடு சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. சுங்கப் படிவத்தில் உண்மையான பொருளையும் உண்மையான விலையையும் எழுதுங்கள். விலையைக் குறைத்து எழுதச் சொல்லும் வாங்குபவர்கள் உண்டு. பொதி தொலைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும்.

11. வந்த பணத்தை எங்கே வைப்பது

விற்பனைப் பணம் தனிக் கணக்கில் இருக்கட்டும். வீட்டுப் பணத்தோடு கலந்தால், லாபமா நட்டமா என்பது ஒருபோதும் தெரியாது. பொழுதுபோக்குக்கும் தொழிலுக்கும் வரிச் சட்டம் வேறு வேறாக இருக்கும், அந்த எல்லை நாட்டுக்கு நாடு மாறும். முதல் சில விற்பனைகளுக்குள்ளேயே ஒரு கணக்காளரைக் கேட்டுவிடுங்கள்.

வரும் பணத்தில் முதலில் அந்தக் கல்லின் அடக்க விலை மீளட்டும். அதற்கு மேல் வருவது சேகரிப்பு நிதி. ஒரு மொத்தக் கொள்முதலின் அடக்க விலை மீளும்வரை அடுத்த மொத்தக் கொள்முதல் வேண்டாம். கண்காட்சி மேசையில் மலிவாகத் தெரியும் ஒரு மூட்டையைப் பார்த்ததும் இந்த விதி கசக்கும். அமெரிக்காவின் டூசானிலும் பிரான்சின் என்சிஸ்ஹெய்மிலும் நடக்கும் கண்காட்சிகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் மூட்டைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இந்த ஆண்டு விட்டது அடுத்த ஆண்டு வேறு வடிவில் வரும்.

ஆண்டுக்கு ஒருமுறை மூன்று பெட்டிகளின் அடக்க விலையையும் கூட்டிப் பாருங்கள். விற்பனைப் பெட்டி வைப்புப் பெட்டியை மிஞ்சியிருந்தால் வாங்குவதை நிறுத்தி விற்பதை மட்டும் செய்யுங்கள். வைப்பில் ஓர் ஆண்டாக எதுவும் சேரவில்லை என்றால் நீங்கள் வணிகராகிவிட்டீர்கள். அது தவறல்ல, ஆனால் தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

12. வைப்பிலிருந்தே விற்க நேர்ந்தால்

தரம் உயர்த்துவதற்காக விற்பது ஆரோக்கியமானது. அதிலும் வரிசை உண்டு: புதியதை முதலில் வாங்குங்கள், பழையதோடு பக்கத்தில் வைத்துச் சில வாரம் பாருங்கள், பிறகு பழையதை விற்பனைப் பெட்டிக்கு மாற்றுங்கள். முதலில் விற்றுவிட்டுப் பிறகு தேடினால், சிறந்தது கிடைக்காமல் போகலாம், பழையதும் திரும்பாது. மொத்த எடை சில நூறு கிராமே உள்ள விழுகற்களில் இது அடிக்கடி நடக்கிறது.

பணத் தேவைக்காக விற்பது வேறு. அப்போது, சந்தையில் மீண்டும் எளிதாகக் கிடைப்பதிலிருந்து தொடங்குங்கள்: காம்போ, சிகோட்-அலின், செல்யாபின்ஸ்க் போன்றவை. பழைய அருங்காட்சியக எண் உள்ளவை, நண்பர் கொடுத்தவை, மொத்தமே சிறிதளவு உள்ளவை கடைசியில். இந்த வரிசையைத் தேவை வராத காலத்திலேயே பதிவேட்டின் பின்பக்கம் எழுதி வையுங்கள். அவசரத்தில் எழுதும் பட்டியலில் வேகமாக விற்பதுதான் முதலில் வரும்.

கடைசியாக வீட்டாருக்கு ஒரு தாள். உங்கள் காலத்துக்குப் பிறகு இந்தப் பெட்டிகளைத் திறப்பவருக்கு எல்லாம் வெறும் கல்லாகத் தெரியும். பதிவேடு எங்கே இருக்கிறது, எந்தப் பெட்டி எது, எந்த எண்கள் விலை உயர்ந்தவை, எவை விற்கக் கூடாதவை, எந்த அருங்காட்சியகத்துக்கு எது போக விரும்புகிறீர்கள், நேர்மையாக விலை சொல்லக்கூடிய இரண்டு பேர் யார் என்று எழுதுங்கள். அதன் ஒரு பிரதியைப் பெட்டிக்குள் வையுங்கள், இன்னொன்றை வீட்டின் மற்ற முக்கிய ஆவணங்களோடு. விலைகள் மாறுவதால் ஆண்டுக் கணக்குப் பார்க்கும் அதே நாளில் இந்தத் தாளையும் திருத்துங்கள்.